மேற்கு சியாட்டில் பாலம் திறக்கும்வரை சைக்கிளில் ஆபீஸ் போகலாமா?

ஜங்ஷன்வாசி (ஜூன் 2022)

சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு மேற்கு சியாட்டிலில் அலாஸ்கா ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ஆபீஸ் நகர மையத்தைத் தாண்டி சவுத் லேக் யூனியனில். எங்கள் பக்கத்தை நகரத்தோடு இணைக்கும் பெரிய பாலத்தை 2020 மார்ச்சில் விரிசலால் மூடியபோது ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் நேரில் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காரை எடுத்தால் தெற்கே ஃபர்ஸ்ட் அவென்யூ சவுத் பாலம் வரை இறங்கிப் போய், அங்கே வரிசையில் நின்று, மறுபடி வடக்கே ஏறி வர வேண்டியிருக்கிறது. காலையில் அந்த வரிசையைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று இருக்கிறது. சி லைன் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன், பரவாயில்லை, ஆனால் கீழே இருக்கும் சின்னப் பாலம் கப்பலுக்காகத் திறந்துவிட்டால் பஸ்ஸும் சேர்ந்து நிற்கிறது.

அதனால் சைக்கிள் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். சைக்கிள் நன்றாக ஓட்டத் தெரியும், ஆனால் ஓட்டியதெல்லாம் சமதரையில்தான். சந்தேகங்கள்: அந்தச் சின்னப் பாலத்தில் கேமரா வைத்து 75 டாலர் அபராதம் போடுகிறார்களே, சைக்கிளுக்கும் அது உண்டா? (என் கணவர் உண்டு என்று அடித்துச் சொல்கிறார்.) துறைமுக லாரிகளுக்கு நடுவே போக வேண்டும் என்கிறார்களே, அது எவ்வளவு மோசம்? திரும்பி வரும்போது அந்த மேடு? எல்லாவற்றுக்கும் மேல், செப்டம்பர் 12 வாரத்தில் பெரிய பாலம் திறந்துவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்காக இவ்வளவு செலவு செய்வது வீணா?

ஹார்பர்ஐலண்ட்ராஜா

உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள், சைக்கிளுக்கு அபராதம் கிடையாது. அந்தக் கேமரா கார்களுக்குத்தான். பகலில் கீழ்ப்பாலத்தின் சாலையில் பஸ், சரக்கு லாரி, ஆம்புலன்ஸ், இன்னும் அனுமதி வாங்கிய சிலர் மட்டும் போகலாம், இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 5 மணிவரை யார் வேண்டுமானாலும் போகலாம். சைக்கிளும் நடப்பவர்களும் ஓரத்தில் தனிப் பாதையில் எந்த நேரமும் போகலாம். அந்தப் பாதை நேற்று வந்ததில்லை, 1991இல் அந்தப் பாலம் கட்டியதிலிருந்தே இருக்கிறது.

இதைப் பலர் கவனிப்பதில்லை: மூடிக்கிடக்கும் பெரிய பாலத்தில் சைக்கிளுக்கு ஒருநாளும் இடம் இருந்ததில்லை. ஏழு லேனும் கார், பஸ், லாரிக்குத்தான். ஆகவே விரிசல் விழுந்து மூடியபோது தினம் ஒரு லட்சம் வண்டிகள் வழி தெரியாமல் தவித்தன, சைக்கிள்காரன் நேற்றுப் போன வழியிலேயே இன்றும் போனான். அதனால் "மூன்று மாதத்துக்காகவா" என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. செப்டம்பரில் பெரிய பாலம் திறந்தாலும் உங்கள் சைக்கிள் வழி இதேதான்.

வழி சொல்கிறேன். ஜங்ஷனிலிருந்து அவலான் வே வழியாக இறங்குங்கள், அங்கே சைக்கிள் லேன் இருக்கிறது, பிரேக்கைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு வாருங்கள், ஏனென்றால் இறக்கம் சும்மா இழுத்துக்கொண்டு போகும். கீழே வந்ததும் பெரிய பாலத்துக்கு அடியிலேயே ஆல்கி டிரெயில் என்ற சைக்கிள் பாதை கிழக்கே போகிறது. அது ஐந்து சாலைகள் கூடும் ஒரு சந்திப்பில் கொண்டுவந்து விடும், டெல்ரிட்ஜ், மேற்கு மார்ஜினல் வே, ஸ்போக்கேன் தெரு எல்லாம் அங்கேதான் வந்து முட்டிக்கொள்கின்றன. சிக்னல் சுற்று நீளம். பொறுமையாக நில்லுங்கள், அங்கே மட்டும் அவசரம் வேண்டாம். அதைத் தாண்டினால் கீழ்ப்பாலம், அப்புறம் ஹார்பர் தீவு, அப்புறம் கிழக்கு மார்ஜினல் வே, அங்கிருந்து இடதுபக்கம் திரும்பி நேரே வடக்கு. ஸ்டேடியங்களைத் தாண்டி பயனியர் ஸ்கொயர் வந்ததும் செகண்ட் அவென்யூ ஏறிவிட்டால் தடுப்பு வைத்த சைக்கிள் லேன் கிடைக்கும். நகர மையம் வரை 7 மைல் அளவு இருக்கும், உங்களுக்கு அதற்கு மேல் இன்னும் கொஞ்சம்.

பாலம் திறப்பதைப் பற்றி: ஆமாம், சைக்கிளும் நிற்கத்தான் வேண்டும். டுவாமிஷ் ஆற்றில் வரும் கப்பலுக்குத்தான் முன்னுரிமை. ஆனால் எனக்கு அது எரிச்சலாக இருந்ததே இல்லை. மற்ற ஊர்ப் பாலங்கள்போல மேலே தூக்காது, இது பக்கவாட்டில் சுழலும். மணி அடிக்கும், கேட் இறங்கும், ஒவ்வொன்றும் 7,500 டன் எடையுள்ள இரண்டு கான்கிரீட் துண்டுகள் ஹைட்ராலிக்கில் சற்றே எழும்பி ஓசையே இல்லாமல் விலகும், நீங்கள் நின்றுகொண்டிருக்கும் சாலைக்கு முன்னால் திடீரென்று தண்ணீர் இருக்கும். ஒரு இழுவைப் படகு சரக்குத் தோணியை இழுத்துக்கொண்டு ஆடி அசைந்து போகும். எல்லாம் முடிய பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். நகரப் போக்குவரத்துத் துறை எந்தப் பாலம் எப்போது மூடித் திறக்கிறது என்று ட்விட்டரில் உடனுக்குடன் போடுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையடயர்

ராஜா அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் கிழக்கு மார்ஜினல் வேயை "நேரே வடக்கு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாரே, அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அது துறைமுகச் சாலை. கண்டெய்னர் லாரிகள் டெர்மினலுக்குள் போவதும் வருவதும்தான் அதன் வேலை. பாதி தூரம் சைக்கிளுக்கு வெறும் வெள்ளைக்கோடு, அவ்வளவுதான் பாதுகாப்பு. டிரைவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பெரும்பாலும் கவனமாகவே ஓட்டுகிறார்கள், ஆனால் வலதுபக்கம் திரும்பும் லாரியின் வலதுபக்கத்தில் நீங்கள் இருந்தால் அவர் கண்ணுக்கு நீங்கள் இல்லவே இல்லை. அந்த இடத்தில் நிற்கவே கூடாது. லாரிக்குப் பின்னால் நில்லுங்கள், அல்லது அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியும்படி முன்னால் தள்ளி நில்லுங்கள். இந்த ஜனவரியில் மேற்குப் பக்கத்தில் டெர்மினல் 5 மறுபடி இயங்க ஆரம்பித்ததிலிருந்து அந்த ஐந்துமுனைச் சந்திப்பிலும் லாரிகள் கூடியிருக்கின்றன.

அப்புறம் தண்டவாளம். சரக்கு ரயில் பாதைகள் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன, சில இடங்களில் சாய்வாக. மழை நாளில் நனைந்த தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும், அல்லது பள்ளத்துக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். கொஞ்சம் விலகி வந்து செங்கோணத்தில் கடக்க வேண்டும், கடக்கும்போது பிரேக் பிடிக்கக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பக் கூடாது. சில நாள் ரயில் குறுக்கே வந்து நின்றே விடும். அதற்கு ட்விட்டரில் யாரும் அறிவிப்புப் போடுவதில்லை.

பஞ்சருக்கும் தயாராக இருங்கள். அந்தச் சாலையோரம் முழுக்க லாரியிலிருந்து உதிர்ந்த கம்பித்துண்டு, கண்ணாடிச் சில்லு. மெல்லிய ரேஸ் டயர் போட்ட சைக்கிளைக் கடையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அகலமான, பஞ்சர் தாங்கும் டயர், ஒரு மாற்று ட்யூப், டயர் கழற்ற இரண்டு பிளாஸ்டிக் லீவர், ஒரு கைப்பம்பு. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டில் வைத்தே பழகிக்கொள்ளுங்கள், அங்கே லாரிப் புகையில் நின்று யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

என் யோசனை என்ன என்றால், முதல் சில வாரம் இந்த வழியே வேண்டாம். மேற்கு சியாட்டில் கரையில் இருக்கும் சீக்ரெஸ்ட் பூங்காவிலிருந்து வாட்டர் டாக்ஸி என்ற பயணிகள் படகு போகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, உங்களுக்கு ஆர்கா என்ற பயண அட்டையில் 5 டாலர். கால் மணி நேரத்தில் நகர மையப் பக்கம் பியர் 50 படகுத்துறையில் இறக்கிவிடும், அங்கிருந்து செகண்ட் அவென்யூ பக்கம்தான். ஐந்துமுனை இல்லை, பாலம் திறக்கும் தொல்லை இல்லை, லாரி இல்லை. மாலைக் கடைசிப் படகு எப்போது என்று மட்டும் அட்டவணையில் பார்த்துவிட்டு மீட்டிங்குக்குச் சம்மதியுங்கள்.

ஹார்பர்ஐலண்ட்ராஜா

டயர் தம்பி, லாரி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், நான் அதை வேகமாகத் தாண்டிவிட்டேன். ஆனால் ஒன்று. அந்தக் கூட்டத்தில் பாதி பெரிய பாலம் மூடியதால் வந்த கூட்டம். சுற்றிப்போகும் கார்கள் எல்லாம் மேற்கு மார்ஜினல் வே பக்கம் வந்து அடைக்கின்றன. பெரிய பாலம் திறந்தால் அவை மேலே ஏறிவிடும், ஐந்துமுனை மூச்சுவிடும். துறைமுக லாரி மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, பாலம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவதே இந்த ஊரில் கொஞ்சம் ஆபத்து. 1978இல் சாவேஸ் என்ற சரக்குக் கப்பல் பழைய தூக்குப் பாலத்தில் மோதியது, அந்தப் பாலம் திறந்த வாக்கிலேயே நின்றுபோனது. அந்த மோதல் நடந்திருக்காவிட்டால் இந்தப் பெரிய பாலத்துக்குப் பணமே கிடைத்திருக்காது என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். 1984இல் முழுதாகத் திறந்த அந்தப் பாலம் நாற்பது வருடம்கூடத் தாங்காமல் 2020இல் விரிசலோடு படுத்துக்கொண்டது. இப்போது உள்ளே எஃகுக் கம்பிவடம் இழுத்துக் கட்டி, கார்பன் ஃபைபர் ஒட்டி நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

மழைக்கோட்டு மீனா

இரண்டு அண்ணன்களும் போகிற வழியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வருகிற வழியை யார் சொல்வது?

ஜங்ஷன்வாசி, நான் உங்களுக்கும் மேலே, ஹை பாயின்ட் பக்கம். சியாட்டிலிலேயே உயரமான இடம் எங்கள் பக்கம்தான், 520 அடி. கீழ்ப்பாலமோ கிட்டத்தட்ட கடல் மட்டம். அதாவது எட்டு மணி நேரம் வேலை பார்த்து, ஏழு எட்டு மைல் மிதித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கடைசியில் அவலான் மேடு வரும். சாதாரண சைக்கிளில் ஏறலாம், ஏறுகிறார்கள், முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் இருக்கிற சைக்கிளாகப் பார்த்து வாங்கினால் உட்கார்ந்தபடியே மெதுவாக ஏறிவிடலாம். இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் வாரம் மூன்று நாள், வருடம் முழுக்க என்றால் என் ஓட்டு இ-பைக்குக்குத்தான். இது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். சாதாரண சைக்கிள் வாங்கிக் காராஜில் தொங்கவிட்டவர்களை எனக்குத் தெரியும், இ-பைக் வாங்கியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இ-பைக் வேண்டாம், சாதா சைக்கிள் போதும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. காலையில் சைக்கிளில் இறங்குங்கள், மாலையில் சி லைன் பஸ்ஸின் முன்பக்க ராக்கில் மாட்டிவிட்டு ஏறி உட்காருங்கள். மூன்று சைக்கிள் மாட்டலாம், நிறைந்திருந்தால் அடுத்த பஸ். அது உங்கள் ஆபீஸ் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது. கனமான இ-பைக்கை அந்த ராக்கில் தூக்கி மாட்டுவது நமக்குக் கஷ்டம், ஆகவே இரண்டில் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மழை. இங்கே மழை சென்னை மழை மாதிரி கொட்டித் தீர்க்காது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும், அதனால் மேலிருந்து நனைவதைவிடச் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரில் நனைவதுதான் அதிகம். இரண்டு சக்கரத்துக்கும் முழு நீள மட்கார்டு போட்டாக வேண்டும், முன் மட்கார்டின் அடியில் ரப்பர் நாக்கு தொங்கினால் ஷூ பிழைக்கும். முதுகுப் பை வேண்டாம், முதுகெல்லாம் வியர்த்துவிடும். கேரியரில் மாட்டும் பை வாங்குங்கள், லேப்டாப்பை அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மழைக்கோட்டில் அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மழையில் நனையாமல் வியர்வையில் நனைந்து போய்ச் சேருவீர்கள். சேலைக்கும் சுடிதார் துப்பட்டாவுக்கும் செயினோடு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல, பூஜை நாளில் ஆபீஸில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஜூன், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம், எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். டிசம்பரில் 4:20க்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆபீஸ் விட்டு வருவது முழு இருட்டில். முன்விளக்கு நம்மைப் பிறர் பார்ப்பதற்கு மட்டும் இல்லாமல் சாலையை நாம் பார்ப்பதற்கும் போதுமானதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பாலத்துக்கு அடியில் டிரெயில் போகும் இடம் பகலிலேயே மங்கல்தான். பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று சைக்கிளில், ஒன்று ஹெல்மெட்டில். ஹெல்மெட் கட்டாயம் என்ற சட்டத்தை சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி இந்தப் பிப்ரவரியில் எடுத்துவிட்டது, அது வேறு விஷயம், லாரிச் சாலையில் போகிறவள் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

ஜங்ஷன்வாசி

அப்பா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. அபராதப் பேச்சை வீட்டில் காட்டிவிட்டேன், "காருக்கு என்றுதான் சொன்னேன்" என்கிறார். சரி, போகட்டும்.

மீனா அக்கா, இ-பைக் விலை பார்த்தேன், தலை சுற்றியது. ஆனால் இன்னொரு கார் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த வீட்டில் இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. டயர் அண்ணன் சொன்னபடி முதலில் வாட்டர் டாக்ஸியில் ஆரம்பிக்கிறேன். இரண்டு சின்னக் கேள்வி: சீக்ரெஸ்டிலிருந்து திரும்பி வரும்போதும் அதே அவலான் மேடுதானா? இன்னொன்று, ஸ்டாப் பலகையில் சைக்கிள் நிற்காமல் போகிறதே, அது சட்டப்படி சரியா, அல்லது எல்லோரும் சேர்ந்து தப்புச் செய்கிறார்களா?

பழையடயர்

மேடு எந்த வழியில் வந்தாலும் மேடுதான், நீங்கள் குன்றுக்கு மேல் வீடு வாங்கியிருக்கிறீர்கள். படகில் இறங்கி ஹார்பர் அவென்யூ ஓரமாக டிரெயிலிலேயே தெற்கே வந்து அவலான் ஏறுவது இருப்பதில் நல்லது. சீக்ரெஸ்டிலிருந்து நேரே மேலே ஏறும் குறுக்கு வழி வரைபடத்தில் சின்னதாகத் தெரியும், நம்பாதீர்கள், அது செங்குத்து. ரொம்பக் களைப்பான நாளில் படகுத்துறையில் 773, 775 ஷட்டில் வண்டிகள் நிற்கும்.

ஸ்டாப் பலகை: வாஷிங்டன் மாநிலத்தில் 2020 அக்டோபரிலிருந்து சைக்கிள் அதை வழிவிடு பலகைபோல எடுத்துக்கொள்ளலாம். யாரும் வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம், வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். சிவப்பு விளக்குக்கு இந்தச் சலுகை கிடையாது, ரயில் கேட்டில் இருக்கும் ஸ்டாப் பலகைக்கும் கிடையாது.

ஹார்பர்ஐலண்ட்ராஜா

வாட்டர் டாக்ஸி பழகியபின் கீழ்ப்பால வழியை முதல்முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாருங்கள், லாரி அன்றைக்கு வெகு குறைவு, ஒவ்வொரு வளைவாக நின்று நிதானமாகப் பார்க்கலாம். வார நாளில் முதல்முறை என்றால் ஏழு மணிக்கு முன்னால் கிளம்பி வாருங்கள், நானும் அந்த நேரத்தில்தான் ஐந்துமுனையில் சிக்னலுக்கு நிற்பேன், மஞ்சள் பை மாட்டிய பச்சை சைக்கிள், கை காட்டுங்கள், மார்ஜினல் வே முடியும் வரை முன்னால் போகிறேன்.

மழைக்கோட்டு மீனா

கடைக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப்போகிற மாடலா என்று கேளுங்கள். அப்புறம் பூட்டு: கேபிள் பூட்டு வேண்டவே வேண்டாம், யூ வடிவப் பூட்டு. ஆபீஸ் பேஸ்மென்டில் சைக்கிள் கூண்டு இருக்கிறதா என்று பில்டிங் ஆட்களைக் கேளுங்கள், பல கட்டடங்களில் இருக்கிறது, ஷவரோடு சேர்த்து.